ஏழாவது வாளி

சென்ற மாதம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்திருந்த பயிற்சியாளர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாய்த்திருக்கும் சில்லறை வேலைகளில் இதுவும் ஒன்று. கையுறை, முகக்கவசம், ஒர்க் பெர்மிட் என்று எல்லாம் பேசி முடித்த பின், கடைசி அரை மணி நேரத்தில் ஜப்பானின் டோக்கைமுராவில் 1999இல் நடந்த விபத்தைச் சொல்வது என் வழக்கம். அன்றும் சொன்னேன். ஒல்லியான கலத்தில் ஊற்ற வேண்டிய யுரேனியக் கரைசலை அகலமான தொட்டியில் ஊற்றிவிட்டார்கள் என்ற இடம் வந்ததும், கடைசி வரிசையிலிருந்த டிப்ளமா பையன் ஒருவன் எழுந்தான். "பாத்திரம் ஒல்லியா இருந்தா என்ன, குண்டா இருந்தா என்ன சார்? உள்ளே இருக்கிற சரக்கு ஒண்ணுதானே?"

வகுப்பில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விபத்தில் சிக்கிய மூன்று தொழிலாளர்களுக்கும் இதே கேள்விக்கு விடை தெரிந்திருக்கவில்லை என்பதும், விடை தெரிந்திருக்க வேண்டிய மேலதிகாரிகள் அதை அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை என்பதும்தான் அந்த விபத்தின் கதை. பையனுக்கு அன்று அவசரமாகச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதிவைக்கிறேன்.

டோக்கைமுரா, டோக்கியோவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவில், இபராகி மாகாணத்தில் இருக்கும் ஊர். அங்கே ஜே.சி.ஓ. என்ற நிறுவனம், சுமிட்டோமோ மெட்டல் மைனிங்கின் துணை நிறுவனம், அணு உலைகளுக்கான எரிபொருளைப் பதப்படுத்திக் கொடுத்து வந்தது. அன்றாடம் கையாண்டது மின்சாரம் தயாரிக்கும் அணு உலைகளுக்கான குறைந்த செறிவு யுரேனியம், அதாவது எளிதில் பிளக்கும் யுரேனியம்-235இன் பங்கு குறைவாக உள்ள சரக்கு. எப்போதாவது ஒரு முறை, ஜோயோ என்ற சோதனை அதிவேக உலைக்காக 18.8 விழுக்காடு செறிவூட்டிய யுரேனியக் கரைசல் தயாரிக்க வேண்டிய தனி ஆர்டர் வரும். அதற்கென்று ஒதுக்கியிருந்த சிறிய கட்டடத்தில்தான், 1999 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டு நாள்களும் அந்த மூவர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இத்தனை செறிவுள்ள சரக்கைக் கையாளும் பழக்கம் அவர்களுக்கு இல்லை.

அனுமதி பெற்றிருந்த முறை எளிமையானதுதான். யுரேனிய ஆக்சைடுத் தூளைக் கரைப்புக் கலத்தில் நைட்ரிக் அமிலம் விட்டுக் கரைக்க வேண்டும். பல பேட்ச்களாகக் கரைத்ததை ஒரே சீராகக் கலந்து, வாடிக்கையாளருக்குச் சிறு குப்பிகளில் நிரப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு குப்பிக்கும் இன்னொரு குப்பிக்கும் அடர்த்தி மாறக்கூடாது என்பது நிபந்தனை. நடைமுறையில் என்ன ஆயிற்று என்றால், கரைப்புக் கலத்தைக் கழுவிச் சுத்தம் செய்வது பெரும்பாடாக இருந்ததால், 10 லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் வாளியிலேயே கரைக்கத் தொடங்கினார்கள். நம் வீட்டுக் கிணற்றடியில் இருக்குமே, ஏறத்தாழ அப்படி ஒரு வாளி. அரசின் அனுமதி இல்லாமல், 1996இல் நிறுவனமே இந்த வாளி முறையைத் தன் செயல்முறைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது. தவறு செய்தவர்கள் அதை ஒளித்துச் செய்யவில்லை. வரிசை எண் போட்டு, ஒப்புதல் கையெழுத்துடன் செய்தார்கள்.

அப்போதும்கூட, வாளியில் கரைத்ததை உயரமான ஒல்லிக் கலம் ஒன்றில் சேர்த்துத்தான் கலந்தார்கள். அந்தக் கலம் இருந்தவரை விபத்து நடந்திருக்க முடியாது. ஆனால் அதில் கலப்பது சள்ளை பிடித்த வேலை. கரைசலை வெளியே எடுக்கும் குழாய் தரையை ஒட்டி இருந்ததால் குனிந்து குனிந்து பிடிக்க வேண்டும். பக்கத்திலேயே, கரைசலிலிருந்து திடப்பொருளைப் படியவைப்பதற்கான வீழ்படிவுத் தொட்டி ஒன்று, 45 செ.மீ. விட்டத்தில், உள்ளே மின்கலக்கியோடு, சுற்றிலும் குளிர்நீர் ஓடும் ஜாக்கெட்டோடு தயாராக நின்றது. அதில் ஊற்றிக் கலக்கியை ஓடவிட்டால் வேலை நொடியில் முடியும். ஊற்றலாமா என்று கேட்டபோது, கேட்கப்பட்ட அதிகாரியும் தடை சொல்லவில்லை.

அந்தத் தொட்டியில் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்று வகுத்திருந்த வரம்பு 2.4 கிலோ யுரேனியம், அதாவது ஒரு வாளி அளவு. முதல் நாள் நான்கு வாளி ஊற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலை ஐந்தாவது, ஆறாவது. அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. ஒருவர் தொட்டியின் மேல் சாய்ந்து புனலைப் பிடித்திருக்க, இன்னொருவர் படியில் நின்று ஏழாவது வாளியின் கரைசலை ஊற்றிக்கொண்டிருந்தபோது, மணி 10.35. நீலநிற ஒளி ஒன்று பளிச்சிட்டது. கட்டடத்தின் எச்சரிக்கை மணிகள் அலறின. அப்போது தொட்டிக்குள் இருந்தது ஏறத்தாழ 16 கிலோ யுரேனியம்.

இனி பையனின் கேள்விக்கு வருகிறேன். யுரேனியம்-235இன் அணுக்கரு ஒன்று பிளக்கும்போது இரண்டு, மூன்று நியூட்ரான்கள் தெறிக்கின்றன. அவை வேறு அணுக்கருக்களில் மோதி அவற்றையும் பிளந்தால் தொடர்வினை. மோதாமல் பாத்திரத்தின் ஓரம் தாண்டி வெளியே போய்விட்டால் எதுவும் இல்லை. ஆகவே கேள்வி, பிறக்கிற நியூட்ரான்களில் எத்தனை தப்பிப் போகின்றன என்பதுதான். பிறப்பது கரைசலின் பருமன் முழுவதிலும். தப்புவது அதன் மேற்பரப்பு வழியாக மட்டும். சூடான காப்பி டம்ளரில் இருந்தால் நேரமாகிறது, டபராவில் ஊற்றினால் சீக்கிரம் ஆறுகிறது. காப்பியின் அளவு மாறவில்லை, வெளிப்புறத்தைப் பார்க்கும் பரப்புதான் மாறியது. நியூட்ரானுக்கும் அதே கணக்கு. ஒல்லியாக உயர்ந்து நிற்கும் கலத்தில் எந்த இடத்தில் நியூட்ரான் பிறந்தாலும் பக்கச்சுவர் கைக்கெட்டும் தூரம், பெரும்பாலானவை ஓடிப்போய்விடும். எத்தனை வாளி ஊற்றினாலும் அதன் உயரம்தான் கூடுமே ஒழிய, நடுவிலிருந்து சுவருக்கு உள்ள தூரம் கூடாது. 45 செ.மீ. அகலத் தொட்டியிலோ, கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த ஏழு வாளிக் கரைசலும் ஏறத்தாழ 28 செ.மீ. ஆழத்துக்கு நின்றிருக்கும். அகலமும் ஆழமும் ஒன்றுக்கொன்று நெருங்கிவர, கரைசல் ஓர் உருண்டையின் வடிவத்தை நோக்கிப் போகிறது. இருப்பதிலேயே மேற்பரப்பு குறைந்த வடிவம் உருண்டை.

இன்னும் இரண்டு காரணங்கள் சேர்ந்துகொண்டன; இரண்டும் தண்ணீர். கரைசலில் உள்ள தண்ணீர் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கிறது. வேகம் தணிந்த நியூட்ரான் யுரேனியத்தை எளிதில் பிளக்கும். அதே அளவு யுரேனியம் உலர்ந்த தூளாக அங்கே குவிந்து கிடந்திருந்தால் தொடர்வினை மூண்டிருக்காது. அடுத்தது தொட்டியைச் சுற்றியிருந்த ஜாக்கெட்டின் குளிர்நீர். தப்பிப் போகப் பார்த்த நியூட்ரான்களில் ஒரு பகுதியை அது உள்ளேயே திருப்பி அனுப்பியது. வெப்பத்தைத் தணிப்பதற்காக வைத்த நீர்தான், வினை அணையாமல் பார்த்துக்கொண்டது.

ஆக, அந்த ஒல்லிக் கலத்தின் வடிவமே ஒரு காவல். அதற்கு மின்சாரம் வேண்டாம், மணி வேண்டாம், யாருடைய நினைவாற்றலும் வேண்டாம். 2.4 கிலோ என்ற வரம்பு காகிதத்தில் இருந்தது. அதைக் காப்பாற்ற ஒவ்வொரு முறையும் ஒரு மனிதர் எண்ணிப் பார்க்க வேண்டும். கலத்தின் ஒடுக்கம் இரும்பில் இருந்தது. அதை மீற வேண்டுமானால் கலத்தையே விட்டு வெளியேற வேண்டும். வெளியேறினார்கள். ஒடுக்கம் ஏன் என்று தெரியாதவருக்கு அது வெறும் அசௌகரியமாக மட்டுமே தெரியும்.

இதை நான் யாரையும் பழித்துச் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் நான் ஒரு சாய இடைப்பொருள் ஆலையில் ஷிப்ட் பொறுப்பாளராக இருந்தேன். அங்கே ஒரு ரியாக்டருக்கு மேலே, அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவதற்கான டோசிங் டேங்க் ஒன்று இருந்தது. அதிலிருந்து இறங்கிய குழாய் அரை அங்குலம்தான். வால்வை முழுதாகத் திறந்தாலும் அமிலம் நூல் பிடித்தாற்போல் இறங்கும். ஒரு பேட்ச் முடிய நான்கு மணி நேரம். முதலாளி குழாய்ச் செலவில் மிச்சம் பிடித்துவிட்டார் என்று நாங்கள் கிண்டல் செய்துகொள்வோம். மாதக் கடைசியில் சரக்கு அனுப்பும் நெருக்கடி வந்தால், மேன்ஹோலைத் திறந்து கேனிலிருந்து நேராக ஊற்றிவிடுவோம். பேட்ச் ஷீட்டில் 'டோசிங் 4 மணி' என்றே எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இரண்டு, மூன்று மாதம் ஒரு குறையும் வரவில்லை. ஓர் இரவு, ரியாக்டரைக் குளிர்விக்கும் உப்புநீரை ஓடவிடும் பிரைன் பம்ப் நின்றுபோனது. வெப்பமானி ஏறுவதை நாங்கள் பார்த்தபோதே நேரம் கடந்திருந்தது. ரியாக்டரில் இருந்ததெல்லாம் பொங்கி மேன்ஹோல் வழியே தளத்தில் வழிந்தது. ஹெல்பர் ஒருவருக்கு முழங்கையில் காயம். அவ்வளவோடு போயிற்று.

மறுநாள் மெயின்டனன்ஸ் அறையில் பழைய பிளான்ட் டிராயிங்கை விரித்துப் பார்த்தோம். அந்தக் குழாயின் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தது: பம்ப் நின்றாலும் வெப்பம் தாங்கும் அளவுக்கே அமிலம் இறங்க வேண்டும், அளவை மாற்றாதே. அதை எழுதிய பொறியாளர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. அந்த வரி டிராயிங்கை விட்டு இறங்கி ஒரு நாளும் தளத்துக்கு வரவில்லை.

டோக்கைமுராவுக்குத் திரும்புகிறேன். அங்கே அதன் பிறகு நடந்தவை, முன்பு நடந்தவற்றைவிட எனக்கு அதிக வருத்தம் தருகின்றன. ஆம்புலன்ஸில் வந்தவர்களுக்கு இது கதிர்வீச்சு விபத்து என்று சொல்லவே இல்லை. எந்தக் காப்பும் இல்லாமல் உள்ளே வந்து அவர்களும் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். இந்த ஆலையில் இப்படி ஒரு தொடர்வினை மூளவே வாய்ப்பில்லை என்பது உரிமம் கொடுத்தபோதே எல்லோரும் ஏற்றுக்கொண்ட அனுமானம் என்பதால், அதற்கென்ற தனி எச்சரிக்கைக் கருவியும் அங்கே இல்லை. மூண்டால் அணைப்பதற்கான ஏற்பாடும் இல்லை. அணு உலையில் இருப்பதுபோல் கட்டுப்படுத்தும் தண்டுகளோ, தடித்த கான்கிரீட் கவசமோ அங்கே கிடையாது. திறந்த கட்டடத்தில், ஊருக்கு நடுவே, கவசமில்லாத ஒரு சிறு உலை தானாக ஓடிக்கொண்டிருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

பிற்பகல் மூன்று மணி அளவில் ஊர்த்தலைவர் தட்சுயா முராகாமி, டோக்கியோவிலிருந்து உத்தரவு வரட்டும் என்று காத்திராமல், ஆலையைச் சுற்றி 350 மீட்டருக்குள் இருந்தவர்களை வெளியேறச் சொன்னார். 161 பேர் வெளியேறினார்கள். இரவு பத்தரை மணி அளவில், 10 கி.மீ. தொலைவுக்குள் இருந்த ஏறத்தாழ 3,10,000 பேரைக் கதவுகளைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கும்படி மாகாண நிர்வாகம் கேட்டுக்கொண்டது.

வினையை நிறுத்தும் வழி ஜாக்கெட் நீரை வடிப்பதுதான் என்று முடிவானது. வடிக்க வேண்டிய குழாய் கட்டடத்தின் வெளிப்புறத்தில் இருந்தது. ஆனால் அதை அணுகுவதும் நியூட்ரான் மழையில் நனைவதுதான். ஜே.சி.ஓ. ஊழியர்கள் 18 பேர், இரண்டிரண்டு பேராக, சில நிமிடங்களுக்கு மேல் தங்காமல், ஓடிப்போய் ஓடிவந்து அந்த வேலையைச் செய்தார்கள். ஒரு ஜோடி வால்வைத் திறக்கும், அடுத்த ஜோடி குழாயை உடைக்கும், கடைசியில் ஆர்கான் வாயுவைச் செலுத்தி மிச்ச நீரையும் வெளியே தள்ளினார்கள். அக்டோபர் 1 காலை ஆறு மணி தாண்டி வினை அடங்கியது. பிறகு இன்னும் ஆறு பேர் நியூட்ரான்களை விழுங்கும் போரிக் அமிலத்தைத் தொட்டிக்குள் செலுத்தி, மீண்டும் மூளாதபடி செய்தார்கள். தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ இருபது மணி நேரம்.

அந்த இருபது மணி நேரத்திலும் பிளந்துபோன யுரேனியத்தின் மொத்த எடை ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பில் நூறில் ஒரு பங்குகூட வராது. புனலைப் பிடித்திருந்தவர் 83 நாள் மருத்துவமனையில் இருந்து டிசம்பர் 21 அன்று இறந்தார். ஊற்றியவர் அடுத்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று இறந்தார். சற்றுத் தள்ளி இருந்த மூன்றாமவர் பிழைத்தார். அந்தச் சிகிச்சையின் விவரங்களும், சிதைந்த உடலின் படங்கள் என்று சொல்லிக்கொண்டு சுற்றிவருபவையும் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன. அவற்றைப் பற்றி நான் வகுப்பிலும் பேசுவதில்லை, இங்கும் எழுதப் போவதில்லை. அதைப் பார்ப்பவர்களுக்குப் பயம் வருகிறது. வாளியைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்வதில்லை.

அணுப்பொருளைக் கையாளும்போது நடந்த விபத்து என்றால், அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்தில் 1946 மே 21 அன்று புளூட்டோனிய உருண்டையின் மேல், நியூட்ரான்களை உள்ளே திருப்பி அனுப்பும் பெரிலியக் கவிழ்ப்பை ஸ்க்ரூடிரைவரால் தாங்கிப் பிடித்திருந்த லூயிஸ் ஸ்லோட்டினின் கை வழுக்கியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். கதையாகக் கேட்க அது விறுவிறுப்பானது. ஆனால் அது ஆபத்தைத் தெரிந்தே விளையாடிய ஒரு விஞ்ஞானியின் சோதனை. ஆலைகளில், வேலை நேரத்தில், இப்படித் தொடர்வினை மூண்டதாக உலகெங்கும் பதிவானவற்றை லாஸ் அலமோஸ் ஆய்வகம் 2000இல் தொகுத்தபோது, டோக்கைமுராவையும் சேர்த்து 22 வந்தன. அவற்றில் 21 கரைசலிலோ குழம்பிலோ நடந்தவை. ஒன்று மட்டுமே திட உலோகத்தில்.

அந்த 22இல் இன்னொன்றை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், வுட் ரிவர் ஜங்ஷன் என்ற இடத்தில், 1964 ஜூலை 24 மாலை. அங்கே யுரேனியக் கரைசலை 11 லிட்டர் குப்பிகளில் வைத்திருந்தார்கள். குப்பிகளின் விட்டம் 12.7 செ.மீ.தான், வேண்டுமென்றே ஒல்லியாகச் செய்தவை. அவற்றில் சில குப்பிகளில் குறைந்த அடர்த்திக் கழுவுநீரும், சிலவற்றில் அடர்த்தியான கரைசலும் இருந்தன. தோற்றத்தில் எல்லாக் குப்பியும் ஒன்றே. தொழிலாளி ஒருவர் கழுவுநீர் என்று நினைத்து அடர்த்தியான கரைசலை எடுத்து, சோடியம் கார்பனேட் தொட்டிக்குள் கவிழ்த்தார். அந்தத் தொட்டியின் விட்டம் ஏறத்தாழ 45 செ.மீ. அவர் 49 மணி நேரத்தில் இறந்தார். டோக்கைமுராவின் தொட்டியும் அதே அகலம் என்பதை முதன்முறை படித்தபோது, அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். இடையில் 35 வருடம். அகலம்கூட மாறவில்லை.

ஜப்பானில் நிறுவனத்தின் உரிமத்தை 2000 மார்ச்சில் ரத்து செய்தார்கள். 2003 மார்ச்சில் நீதிமன்றம், பிழைத்த அந்த மூன்றாமவர் உட்பட ஆறு பேருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையும், நிறுவனத்துக்குப் பத்து லட்சம் யென் அபராதமும் விதித்தது. அணு விபத்து நேர்ந்தால் யார் எதைச் செய்வது என்பதற்கான தனிச்சட்டம் 1999 டிசம்பரிலேயே வந்துவிட்டது. நம் பக்கம் பார்த்தால், பயன்படுத்திய அணு எரிபொருளைப் பிரித்தெடுக்கும் கல்பாக்கம் மறுசெயலாக்க ஆலையில் 2003 ஜனவரியில் ஒரு வால்வு பழுதாகி, உயர் கதிரியக்கக் கழிவு வரக்கூடாத தொட்டிக்கு வந்துவிட, அது தெரியாமல் மாதிரி எடுத்த ஊழியர்கள் உட்பட ஆறு பேர் வரம்பை மீறிய கதிர்வீச்சைப் பெற்றார்கள். அது தொடர்வினை விபத்து இல்லை, தன்மையே வேறு. ஆனால் அங்கும், எச்சரிக்க வேண்டிய கதிர்வீச்சு அளவி அந்த இடத்தில் இருக்கவில்லை.

டோக்கைமுரா பற்றி இன்னும் ஒன்று. சுற்றியிருந்த வீடுகளுக்குள் எவ்வளவு நியூட்ரான் புகுந்தது என்று பின்னால் எப்படிக் கணக்கிடுவது? வீடுகளில் அளவி இல்லை. ஆய்வாளர்கள் அந்த வீடுகளிலிருந்து 5 யென் நாணயங்களைச் சேகரித்தார்கள். நடுவில் துளையுள்ள பித்தளைக் காசு அது. பித்தளையில் இருக்கும் துத்தநாகம் நியூட்ரான் பட்டதும் கதிரியக்கத் துத்தநாகமாக மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால், அந்த மேசை இழுப்பறை வழியாக எவ்வளவு நியூட்ரான் போனது என்று தெரிந்துவிடும். ஐந்து யென்னை ஜப்பானிய மொழியில் 'கோ-என்' என்பார்கள். நல்ல உறவு, நற்பேறு என்ற பொருளிலும் அதே ஒலி என்பதால் கோவில் உண்டியலில் அந்தக் காசைத்தான் போடுவது வழக்கம்.

வகுப்பு முடிந்ததும் அந்தப் பையன் என்னைத் தன் தளத்துக்குக் கூட்டிப்போனான். ஒரு கரைப்பான் தொட்டியைக் காட்டி, அதன் வழிவுக் குழாய் ஏன் எதிர்பார்க்கும் உயரத்தைவிட ஒரு முழம் கீழேயே இருக்கிறது என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. ஷிப்டில் இருந்தவர்களைக் கேட்டோம்; அவர்கள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அது அப்படித்தான் இருக்கிறதாம். டிராயிங்கைப் பார்க்கலாம் என்று மெயின்டனன்ஸ் அறைக்குப் போனோம். சாப்பாட்டு நேரம், அறை பூட்டியிருந்தது. பையன் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டான்.